பிளவுபட்ட முகங்களுக்கான பல்சீரமைப்பு: எம்.டி.எஸ். முடித்தவர்களுக்கு ஒரு பயிற்சி வழிகாட்டி

பல்சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற பல்மருத்துவ முதுநிலைப் படிப்பை முடித்து வெளியே வருகிறவர் மூன்று ஆண்டுகளில் கம்பி வளைக்கவும், செபலோமெட்ரிக் படத்தில் (தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயில்) கோடு போட்டுத் தாடையின் நிலையை அளக்கவும், பதின்வயதுப் பிள்ளைகளின் பல்வரிசையைத் திருத்தவும் நன்றாகவே பழகியிருப்பார். ஆனால் உதடும் அண்ணமும் பிளந்த பத்து நாள் குழந்தையை ஒரு தாய் பாலாடையும் கையுமாகத் தூக்கி வரும்போது, அந்தப் படிப்பில் பெரும்பகுதி உடனடியாகக் கைகொடுப்பதில்லை. உலகளவில் ஏறக்குறைய 700 பிறப்புகளில் ஒரு குழந்தை உதட்டுப் பிளவுடனோ அண்ணப் பிளவுடனோ பிறக்கிறது. அந்தக் குழந்தைக்குப் பிறந்த வாரம் முதல் தாடை வளர்ச்சி முடியும் வயது வரை பல்சீரமைப்பு மருத்துவரின் துணை அவ்வப்போது தேவைப்படுகிறது. "அவ்வப்போது" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். இந்த மேற்பயிற்சியில் கற்க வேண்டியவற்றுள் முதன்மையானது காலக்கணக்கு. எந்த வயதில் கைவைக்க வேண்டும், எந்த வயதில் கையைக் கட்டிக்கொண்டு வளர்ச்சியைப் பார்த்திருக்க வேண்டும் என்பதை அறிந்தவரே இந்தக் குழந்தைகளுக்குப் பயன்படுவார். கீழே வருபவை அனைத்தும் அந்த ஒன்றைக் கற்பதற்கான வழிகள்.

எங்கே பயில்வது

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மருத்துவமனையின் பெயரைக் காட்டிலும் அதன் வாராந்தர நடைமுறையைப் பாருங்கள். பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் அல்லது முகத்தாடை அறுவை மருத்துவர், பல்சீரமைப்பு மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், காது மூக்கு தொண்டை மருத்துவர், குழந்தை நல மருத்துவர், குழந்தைப் பல் மருத்துவர் ஆகியோர் குறிப்பிட்ட ஒரு நாளில் ஒரே அறையில் அமர்ந்து ஒரே குழந்தையைப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். 1938-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள லங்காஸ்டரில் ஹெர்பர்ட் கூப்பர் என்ற பல்சீரமைப்பு மருத்துவர் இத்தகைய கூட்டு மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கிருந்து பரவிய முறையே இன்று உலகெங்கும் அடிப்படையாக இருக்கிறது. கூட்டு அமர்வு இல்லாத இடத்தில் கைத்திறன் வளரலாம், காலக்கணக்கு வராது.

அடுத்து நோயாளிகளின் வயதைப் பாருங்கள். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் உதட்டு அறுவை செய்யும் மையங்கள் இந்தியாவில் உண்டு. 1999-இல் தொடங்கப்பட்ட ஸ்மைல் ட்ரெயின் போன்ற அமைப்புகளின் உதவியால் பல இடங்களில் அந்த அறுவை கட்டணமின்றி நடைபெறுகிறது. ஆயினும் அறுவை முடிந்த குழந்தை ஒன்பது வயதிலும் பதினெட்டு வயதிலும் அதே மையத்துக்குத் திரும்பி வருகிறதா என்பதே பல்சீரமைப்பு பயில வருகிறவருக்கு முக்கியம். நேர்காணலின்போது, ஐந்து வயதிலும் பத்து வயதிலும் எடுத்த மாதிரி அச்சுகளையும் படங்களையும் பார்க்க அனுமதி கேளுங்கள். காட்டுவதற்கு ஏதும் இல்லையென்றால், நீங்கள் அங்கே தொடக்கத்தை மட்டுமே கற்பீர்கள்.

மூன்றாவதாக, உங்கள் கை எவ்வளவு படும் என்பதை எழுத்து வடிவில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். "ஃபெலோஷிப்" என்ற ஒரே சொல் சில வாரப் பார்வையாளர் பயிற்சியையும் குறிக்கிறது, முழு ஆண்டுப் பயிற்சியையும் குறிக்கிறது. அமெரிக்காவில் பல்மருத்துவக் கல்வி அங்கீகார ஆணையத்தின் கீழ், பல்சீரமைப்பு முதுநிலைப் படிப்பை முடித்தவர்களுக்கென முகம், தலையெலும்புக் குறைபாடுகளுக்கான பல்சீரமைப்பில் ஓராண்டு மருத்துவப் பயிற்சி இருக்கிறது. தைவானின் சாங் குங் நினைவு மருத்துவமனை நெடுங்காலமாக வெளிநாட்டு மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது. வெளிநாடு செல்வதானால், நோயாளியைத் தொட்டுச் சிகிச்சையளிக்க உரிமம் வேண்டுமா, பார்வையாளராக மட்டும் இருக்க வேண்டுமா என்பதை விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே உறுதிசெய்துகொள்வது நல்லது.

காலத்தைப் பற்றி என் கருத்து உறுதியானது: ஓராண்டுக்குக் குறைந்த பயிற்சி போதாது. ஈறெலும்பிலுள்ள பிளவை நிரப்பும் எலும்பு ஒட்டுக்காக முதல் மாதத்தில் மேல்தாடையை விரிக்கத் தொடங்கினால், அறுவை நடப்பதற்கே ஐந்தாறு மாதங்கள் ஆகிவிடும். விளைவை எக்ஸ்ரேயில் காண மேலும் சில மாதங்கள் வேண்டும். தொடங்கியதை முடிவில் காணாமல் திரும்புகிறவர், தான் செய்தது சரியா என்பதை அறியாமலேயே திரும்புகிறார்.

சேர்வதற்கு முன்

கருவியலை மீண்டும் படியுங்கள், இம்முறை தேர்வுக்காக அல்ல. முகம் கருவின் நான்காம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை உருவாகிறது; மேலுதடு ஏறக்குறைய ஏழாம் வாரத்தில் இணைந்துவிடுகிறது, அண்ணம் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மூடுகிறது. தான் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் அறிந்துகொள்ளும் வேளையிலேயே உதடு அமைந்து முடிந்திருக்கும். கிரகணத்தன்று வெளியே வந்தாள், அன்று அரிவாள்மனையைத் தொட்டாள் என்று வீட்டாரின் பழியைச் சுமந்தபடி உங்கள் முன் அமர்ந்திருக்கும் தாயிடம் இதை எளிய தமிழில், மாமியாரும் கேட்கும்படி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடங்களைச் செலவிடாத மருத்துவரிடம் அந்தத் தாய் தொடர்ந்து வருவது அரிது. தாய் வராவிட்டால் மற்றத் திறன்கள் எதுவும் குழந்தையைச் சென்றடையாது.

அடிப்படை ஆய்வுகளில் சிலவற்றை ஆழமாகப் படித்துவிட்டுச் செல்லுங்கள். நமக்கு அருகில் நடந்ததிலிருந்து தொடங்கலாம். 1984-இல் மைக்கேல் மார்ஸ் என்ற பிரித்தானியப் பல்சீரமைப்பு மருத்துவர் இலங்கையில் தொடங்கிய பிளவுத் திட்டத்தில், அறுவையே செய்துகொள்ளாமல் வளர்ந்துவிட்ட பெரியவர்கள் ஆராயப்பட்டார்கள். அவர்களுடைய மேல்தாடை பெரும்பாலும் இயல்பாக முன்னோக்கி வளர்ந்திருந்தது. பிளவுற்ற குழந்தைகளின் மேல்தாடை பின்தங்குவதற்கு, குழந்தைப்பருவ அறுவையின் தழும்பு பெரும் காரணம் என்பது அதனால் தெளிவாயிற்று. ஆனால் இதைக் கொண்டு அறுவையைத் தள்ளிப்போடலாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது, ஏனெனில் அண்ணம் மூடாமல் பேச்சு தெளிவடைவதில்லை. அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள 558 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2023-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், ஆறு மாதத்தில் அறுவை செய்த குழந்தைகளில் 8.9 விழுக்காட்டினருக்கும், பன்னிரண்டு மாதத்தில் செய்தவர்களில் 15 விழுக்காட்டினருக்கும் ஐந்து வயதில் மூக்கு வழியே காற்று கசியும் அண்ணக் குறைபாடு இருந்தது. வளர்ச்சி ஒரு பக்கமும் பேச்சு மறுபக்கமும் இழுக்க, இடையில் நின்று காலம் குறிப்பதே குழுவின் வேலை. ஐரோப்பாவில் ஒரு கணக்கெடுப்பில் 201 குழுக்கள் ஒருபக்க உதட்டண்ணப் பிளவுக்கு 194 வெவ்வேறு நெறிமுறைகளைப் பின்பற்றியது தெரியவந்தது. ஆகவே, நீங்கள் பயிலும் மையத்தின் முறை பல முறைகளில் ஒன்றே என்ற நினைவோடு பயிலுங்கள்.

கைக்குழந்தை

பயிற்சியில் மிகவும் அஞ்சத்தக்க பகுதி கைக்குழந்தையின் வாயில் அச்சு எடுப்பதுதான். அந்த அச்சம் நல்லது. அச்சு எடுக்கும் இடத்தில் மூச்சுக்குழாய் அவசரநிலையைக் கையாளத் தெரிந்த மருத்துவர், உறிஞ்சு கருவி, ஆக்சிஜன் ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பால் கொடுத்துச் சில மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதில்லை. குழந்தை முழு விழிப்போடு அழுதுகொண்டிருப்பதே பாதுகாப்பு, ஏனென்றால் அழுகை கேட்கும் வரை மூச்சு போய்வருகிறது என்று பொருள். அழுகை நின்ற கணத்தில், அச்சுப்பொருள் இறுகியதோ இல்லையோ, அச்சுத் தட்டை வெளியே எடுத்துவிடுங்கள். எளிதில் கிழியும் ஆல்ஜினேட் என்ற அச்சுப்பொருளைத் தவிர்த்து, கெட்டியான சிலிகான் கலவையைப் பயன்படுத்துங்கள். பிளவின் இடுக்கில் ஒரு துணுக்கு தங்கினாலும் அது மூச்சுப்பாதைக்குச் சென்றுவிடக்கூடும். வெளியே எடுத்தவுடன் அச்சின் ஓரங்களையும் குழந்தையின் வாயையும் விரலாலும் விளக்கொளியாலும் சோதித்து, எல்லாம் முழுதாக வந்துவிட்டதை உறுதிசெய்த பிறகே குழந்தையைத் தாயிடம் கொடுக்க வேண்டும். முதல் பத்துக் குழந்தைகளுக்கு நீங்கள் பிடித்துக்கொள்ளும் கையாக மட்டும் இருங்கள். அச்சு எடுக்கும் கை உங்கள் ஆசிரியருடையதாக இருக்கட்டும். இப்போது சில மையங்களில் ஸ்கேனர் கொண்டு அளவெடுக்கிறார்கள். அங்கேயும் அச்சு முறையைக் கற்றுவிடுங்கள், நீங்கள் பணிக்குச் செல்லும் ஊரில் ஸ்கேனர் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

நியூயார்க்கில் பேரி கிரேசனும் அவர் குழுவினரும் 1990-களில் உருவாக்கிய நாசோ அல்வியோலர் மோல்டிங் (அறுவைக்கு முன் மூக்கையும் ஈறெலும்பையும் வடிவமைத்தல்) முறையைப் பெரும்பாலான பயிற்சி மையங்கள் கற்பிக்கின்றன. அக்ரிலிக் தட்டு ஒன்றை வாயினுள் பொருத்தி, உதடுகளைச் சேர்த்து ஒட்டும் நாடாவால் இழுத்துக் கட்டி, வாரம் ஒருமுறை தட்டை ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாமல் திருத்தித் திருத்தி, விலகிய ஈறுப் பகுதிகளை நெருங்கச் செய்கிறார்கள். இடைவெளி ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்த பிறகே மூக்குத் தாங்கியைச் சேர்க்க வேண்டும். முன்கூட்டிச் சேர்த்தால் நாசித்துளை தேவைக்கு மேல் விரிந்துவிடும். தட்டு நழுவி நாக்கின் மேல் விழுந்தாலும் மூச்சு அடைபடாதபடி நடுவில் துளை இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கன்னத்தோல் புண்ணாகாமல் அடியில் பாதுகாப்புப் பட்டை ஒட்டுவதைத் தாய்க்குச் செய்துகாட்டி, பிறகு அவரையே உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள்.

இந்த முறையை எப்படிச் செய்வது என்பதைவிட யாருக்குச் செய்யாமல் விடுவது என்பதைக் கற்பது கடினம். நாலு மணி நேரம் பேருந்தில் வந்து, ஒரு நாள் கூலியை இழந்து, வீட்டில் மூத்த குழந்தையை அயலாரிடம் விட்டுவிட்டு வாராவாரம் வர வேண்டிய ஒரு குடும்பத்துக்குத் தட்டைத் தொடங்கி, மூன்றாம் வாரத்தில் அவர்கள் நின்றுவிட்டால், குழந்தைக்கு நன்மை ஏதும் இல்லை. தாய்க்கோ இன்னொரு குற்ற உணர்ச்சி சேர்கிறது. நெதர்லாந்தில் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், அழுத்தம் கொடுக்காத வெறும் தட்டுகளால் பால் குடிப்பதிலோ மேல்தாடை வளர்ச்சியிலோ நிலைத்த பயன் காணப்படவில்லை. மூக்கைச் சீரமைக்கும் தட்டு அதிலிருந்து வேறுபட்டதுதான். ஆனாலும் அது இல்லாமல் நல்ல அறுவை மருத்துவரால் நல்ல உதடு அமைக்க முடியும். அகன்ற பிளவும், முன்தாடை துருத்திய இருபக்கப் பிளவும் உள்ள குழந்தைகளுக்கு அதன் பயன் மிகுதி. குறுகிய பிளவுக்கு உதட்டில் ஒட்டும் நாடா மட்டுமே பல வேளைகளில் போதும்.

குழந்தையைப் பார்க்கும் அன்றே பெற்றோரின் கீழுதட்டையும் பாருங்கள். அங்கே இரு சிறு குழிகள் இருந்தால் வேன்டர் வூட் என்ற மரபுவழி நோய்க்குறி என்று ஐயுற வேண்டும்; அடுத்த குழந்தைக்கும் பிளவு வரும் வாய்ப்பு அந்தக் குடும்பத்தில் மிக அதிகம். பத்து நொடியில் முடியும் இந்தச் சோதனை பலமுறை விடுபட்டுப்போகிறது.

எட்டு முதல் பதினொரு வயது

பயிற்சி ஆண்டின் நடுநாயகம் என்று நான் கருதுவது ஈறெலும்புப் பிளவில் எலும்பு ஒட்டு வைப்பதற்கான ஆயத்தம். பாயினும் சான்ட்ஸும் 1972-இல் விவரித்து, பின்னர் நார்வேயின் ஆஸ்லோ குழு நிலைநிறுத்திய முறை இது. இடுப்பெலும்பிலிருந்து எடுத்த பஞ்செலும்பைப் பிளவில் நிரப்பினால், அதனூடே மேல் கோரைப்பல் தானாக இறங்கி வந்து எலும்புக்கு உயிர்கொடுக்கிறது. அதனால்தான் கோரைப்பல் முளைக்கும் முன், அதன் வேர் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை வளர்ந்திருக்கும் காலத்தில், பெரும்பாலும் ஒன்பது முதல் பதினொரு வயதுக்குள் ஒட்டு வைக்கிறார்கள். பக்க வெட்டுப்பல் நல்ல வடிவில் இருந்து அதைக் காப்பாற்ற வேண்டுமானால் இன்னும் முன்னதாகவே வைக்க வேண்டியிருக்கும். பிறந்த தேதியை விடுத்து வேரின் வளர்ச்சியைப் பார்த்து நாள் குறிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆயத்தத்தில் உங்கள் பங்கு, உள்நோக்கிச் சரிந்த தாடைத் துண்டுகளைக் குவாட் ஹீலிக்ஸ் போன்ற சுருள்கம்பிக் கருவியின் மென்மையான விசையால் விரித்து அறுவைக்கு வழிசெய்வது. என் பயிற்சிக் காலத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, அண்ணத்தின் முன்பகுதியில் தழும்புக்கு அடியில் பழைய துளை மறைந்திருப்பதை அறுவை மருத்துவரிடம் கேட்டறியாமல் விரிவைத் தொடர்ந்தேன். ஒரு வாரத்தில் துளை திறந்து, குடித்த பால் மூக்கு வழியே வரத் தொடங்கியது. விரிவு அதை உண்டாக்கவில்லை, மறைந்திருந்ததை வெளிப்படுத்தியது என்றும், ஒட்டு வைக்கும்போதே அதையும் மூடிவிடலாம் என்றும் ஆசிரியர் ஆறுதல் சொன்னார். அது உண்மைதான். ஆனால் அந்தச் சிறுமிக்கும் அவள் தந்தைக்கும் அதை முன்னரே சொல்லியிருக்க வேண்டியது என் கடமை. விரிவு தொடங்கும் நாளன்றே இந்த வாய்ப்பைச் சொல்லிக் கோப்பிலும் எழுதிவிடுங்கள்.

பிளவை ஒட்டிய வெட்டுப்பல் திரும்பியிருந்தால் அதை ஒட்டுக்கு முன் நேராக்கும் ஆசையை அடக்குங்கள். அந்த வேரை மூடியிருக்கும் எலும்பு காகிதம் போல மெல்லியது. திருப்பினால் வேர் பிளவுக்குள் எட்டிப்பார்க்கும். பிளவினுள் முளைத்த உபரிப் பற்களை அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே நீக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் ஈறு ஆறி நல்ல மூடுதோல் கிடைக்கும். பிளவின் அருகே துலக்கக் குழந்தைகள் அஞ்சுகிறார்கள். கண்ணாடியில் காட்டி, நீங்களே பிரஷைப் பிடித்து ஒருமுறை துலக்கிவிடுங்கள். சொத்தையும் அழுக்கும் உள்ள வாயில் ஒட்டு நிலைக்காது. அறுவைக்குப் பின் தழும்பு தாடையை மீண்டும் உள்ளே இழுக்கும் என்பதால் விரிவைத் தாங்கும் கம்பியைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரேயில் எலும்பின் உயரத்தைப் பெர்க்லண்ட் அளவுகோலின் நான்கு படிகளில் நீங்களே மதிப்பிட்டு எழுதி, பிறகு ஆசிரியரின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த வயதில் பல்வரிசை முழுவதையும் அழகாக்கிவிட வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். எட்டு வயதில் மாட்டிய கம்பி பதினெட்டு வயது வரை வாயில் இருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பள்ளிப்பருவம் முழுவதும் மருத்துவமனை வரிசையில் கழிந்துவிட்டது. ஒட்டுக்கான குறுகிய கட்டம், நிலைப்பற்கள் முளைத்த பின் இன்னொரு கட்டம், இடையில் முழு விடுப்பு என்று திட்டமிடுவதே முறை.

அரிய நோய்க்குறிகள்

ஓராண்டில் இவற்றில் ஒவ்வொன்றையும் ஒன்றிரண்டு முறைதான் காண்பீர்கள். ஆகவே ஒருவர் வரும் அன்று வேறு வேலைகளை ஒதுக்கிவிட்டு உடனிருங்கள். பியர் ரோபின் வரிசைக் குழந்தைக்குக் கீழ்தாடை சிறுத்து நாக்கு பின்னால் சரிவதால் மூச்சுத்தான் முதல் கவலை; ஜெர்மனியின் ட்யூபிங்கனில் உருவான, நாக்கின் அடிவரை நீளும் தட்டு சில குழந்தைகளை அறுவையிலிருந்து காத்திருக்கிறது. முகத்தின் ஒரு பாதி சிறுத்த குழந்தைகளுக்குத் தாடை மூட்டு எந்த அளவு உருவாகியிருக்கிறது என்பதைப் புருசான்ஸ்கி வகைப்பாட்டில் பதிந்த பிறகே சிகிச்சையைப் பேச வேண்டும். தலையெலும்பின் இணைப்புகள் முன்கூட்டியே ஒட்டிவிடும் ஏபர்ட், க்ரூசான் நோய்க்குறிகளில் கண்ணும் மூளையழுத்தமும் மூச்சும் முன்னிலை பெறும்; பற்கள் அங்கே பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். ஏபர்ட் குழந்தைக்கு விரல்களும் ஒட்டியிருப்பதால் பிரஷ் பிடிக்கும் முறையையே மாற்றியமைக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தைவிட அந்தத் தாயிடமிருந்தே நான் நன்றாகக் கற்றேன்.

எலும்பு நீட்டல் முறையை அறுவை அறையிலும் பார்த்துக்கொள்ளுங்கள். 1992-இல் நியூயார்க்கில் மெக்கார்த்தி குழந்தைகளின் கீழ்தாடையை இம்முறையில் நீட்டியதை வெளியிட்ட பிறகு அது முகத்துக்கும் பரவியது. வெட்டிய எலும்பைச் சில நாள் ஆறவிட்டு, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நகர்த்தி, பின்னர் வாரக்கணக்கில் இறுகவிடுகிறார்கள். எத்திசையில் நகர்த்துவது, பற்கள் எங்கே பொருந்தும் என்பதைத் திட்டமிடுவது உங்கள் பங்கு. மேல்தாடையை முன்னே கொண்டுவந்தால் அண்ணத்துக்கும் தொண்டைச் சுவருக்கும் இடைவெளி கூடி, தெளிவாக இருந்த பேச்சு மூக்கொலியாக மாறக்கூடும். நாள் குறிப்பதற்கு முன் பேச்சுப் பயிற்சியாளரின் குறிப்பு கோப்பில் இருக்க வேண்டும்.

பதிவும் கையளிப்பும்

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே ஒளியில், ஒரே கோணத்தில், பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலோடு படம் எடுங்கள். பத்து வயதை ஒட்டிய மாதிரி அச்சுகளை மேல், கீழ்ப் பல்வரிசைகளின் பொருத்தத்தை மதிப்பிடும், 1987-இல் வெளியான காஸ்லான் அளவுகோலின் ஐந்து தொகுதிகளில் வரிசைப்படுத்தப் பழகுங்கள்; ஐந்தாம் தொகுதிப் பிள்ளைக்கு வளர்ச்சி முடிந்த பின் தாடை அறுவை தேவைப்படும் என்பதை அன்றே அறிந்தால், வீணாகப் பல ஆண்டுகள் கம்பி மாட்டாமல் இருக்கலாம்.

கடைசி மாதத்தில் புதிய சிகிச்சை எதையும் தொடங்க வேண்டாம். உங்களிடம் இருந்த ஒவ்வொரு குழந்தைக்கும், இதுவரை செய்தது என்ன, வேண்டுமென்றே செய்யாமல் விட்டது என்ன, அடுத்து எந்தப் பல்லின் வேர் எந்த அளவு வளரும்போது வரச் சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, அடுத்து வரும் மருத்துவரிடம் நேரில் படித்துக் காட்டுங்கள். அதே பக்கத்தைக் கலைச்சொல் இல்லாத தமிழில் மீண்டும் எழுதித் தாயிடம் கொடுத்து, மஞ்சள் பையில் மற்ற மருத்துவச் சீட்டுகளோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.